முப்பது நாள் நடையும் ஓர் இருட்டறையும்

என்னை மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, வழியில் பார்த்தவர்கள் நான் சிரிப்பதாக நினைத்தார்கள். "டீச்சருக்குத் தீனம்னு சொன்னாவ, சிரிச்சிட்டுல்லா போறாவ" என்று குளக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. உண்மையில் என் உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, பற்கள் தெரிய அப்படியே நின்றுவிட்டிருந்தன. வாயை மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. உள்ளே இருந்தது பயம் மட்டும்தான்.

இந்த நோயில் விழுந்து எழுந்தவர்கள் குறைவு என்று பிறகு கேள்விப்பட்டேன். எழுந்தவள் என்ற முறையில், அது எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு. காலில் ஆணி குத்தினால் தானாக ஆறிவிடும் என்று இருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். நானும் அப்படி இருந்தவள்தான்.

நாடு விடுதலை அடைந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். திருவட்டாறுக்குக் கொஞ்சம் மேற்கே ஒரு மிஷன் பள்ளியில் நான் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சாமுவேல் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் எழுத்தர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

எங்கள் சபைப் போதகர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய் வருகிறவர். நோயாளிக்கு உள்ளே கட்டில் உண்டு. கூட வந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. முற்றத்து மாமரத்தடியில் மூன்று கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சி, அங்கேயே படுத்துக்கொள்வார்கள். மழை வந்தால் சுவரோரம் ஒடுங்குவார்கள். அவர்களுக்கு ஒரு கட்டடம் கட்ட வேண்டும் என்பது போதகரின் ஆசை. வெளிதேசங்களில் இதற்காக நடக்கிறார்களாம். ஒருவர் ஒரு மாதம் நாள் தவறாமல் நடப்பது. ஊரார் அவர் நடக்கும் ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு என்று வாக்குக் கொடுப்பது. அதைக் கோடை விடுமுறையில் செய்து பார்க்கலாம் என்றார். நாளுக்கு ஆறு மைலுக்குக் குறையக் கூடாது. போய்ச் சேரும் ஊரின் உபதேசியாரிடமோ வாத்தியாரிடமோ நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி வரவேண்டும்.

நான்கு பேர் பெயர் கொடுத்தோம். ஊரில் பலர் மைலுக்குக் காலணா, அரையணா என்று எழுதினார்கள். ஒரு கொப்பரை வியாபாரி மட்டும், கட்டடத்துக்கு வேண்டிய ஓடு முழுவதும் தன் செலவு என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். முப்பது நாளும் முடிக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஓடு கிடையாது.

முதல் வாரம் முடிவதற்குள் வெயிலில் மற்ற மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். நான் ஒருத்தி மிஞ்சினேன். அதற்குப் பிறகு அது என் விருப்பத்துக்கு நடந்த நடை அல்ல. நான் வரும் நேரம் பார்த்து வாசலில் மோர் வைத்துக்கொண்டு நின்றார்கள். "இண்ணைக்கு எத்தனையாவது நாளு டீச்சரே?" என்று வயலிலிருந்து கேட்டார்கள். கால் வலிக்கிறது, நாளைக்கு வரவில்லை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதாம் நாள் பத்மநாபபுரம் போனேன். கோட்டைச் சுவரை ஒட்டி வண்டிமாடுகளுக்கு லாடம் அடிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே சாணச் சேற்றில் கிடந்த பழைய லாட ஆணி என் வலது குதிகாலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டுக் கையெழுத்து வாங்கி வீடு வந்தேன். வேப்பெண்ணெயைச் சூடாக்கிப் புண்ணில் விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள் என்று என் கணவர் இரண்டு தடவை சொன்னார். போனால் காலை ஊன்றக் கூடாது என்பார்கள், நடை நின்றுபோகும் என்று எனக்குத் தோன்றியது. நான்கு நாள் கழித்து அவர் மறுபடியும் கேட்டபோது, ஆறிவிட்டது என்று பொய் சொன்னேன். மேலே தோல் மூடியிருந்தது உண்மை. உள்ளே விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்ததும் உண்மை.

பதினேழாம் நாள் காலையில் பழங்கஞ்சி குடிக்க உட்கார்ந்தேன். மாங்காய்த் துண்டைக் கடிக்க வாய் திறக்கவில்லை. விடியற்காலைக் காற்று பட்டிருக்கும் என்று நினைத்து நடந்தேன். திரும்பி வரும்போது கழுத்து விறைத்துப்போயிருந்தது. பதினெட்டாம் நாள் இரண்டு மைல்கூடப் போயிருக்கமாட்டேன். வாய்க்கால் கரையில் முதுகு வில்லாக வளைந்து விழுந்தேன். புல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் வாய்க்குள் ஒரு தட்டையான குச்சியை நுழைக்கப் பார்த்தார். பற்கள் அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டன. நான் கடிக்கவில்லை, அவை தாமாகக் கடித்தன. டாக்டர் என் கணவரைப் பார்த்து, சமீபத்தில் காயம் ஏதாவது பட்டதா என்று கேட்டார்.

"ஒரு ஆணி குத்திச்சு சார். அது அப்பமே ஆறிப்போச்சு" என்றார் அவர்.

நான் சொல்லிக்கொடுத்ததை அவர் நம்பி அப்படியே சொன்னார். நான் பல்லிடுக்கு வழியாக "இல்ல" என்றேன். ஒருவருக்கும் புரியவில்லை. வலது காலைக் கட்டிலிலிருந்து தூக்கிக் காட்டினேன். டாக்டர் குதிகாலில் விரலால் அழுத்தினார். மூடியிருந்த தோலுக்குள்ளிருந்து கறுத்த நீர் வந்தது. என் கணவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகம் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

ரணஜன்னி என்று டாக்டர் சொன்னார். மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற ஒரு கிருமி. காற்றுப் புகாத ஆழமான புண்ணுக்குள் அது பெருகும். அது கக்கும் விஷம் நரம்பு வழியாக ஏறிச் சதைகளை முறுக்கும். முதலில் தாடை, பிறகு கழுத்து, முதுகு. சின்ன சத்தமோ வெளிச்சமோ தொடுகையோ பட்டால் போதும், உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பில் மூச்சு நின்றால் ஆள் போய்விடும். புண்ணைக் கீறிச் சுத்தம் செய்து, பெனிசிலின் போட்டு, விஷத்தை முறிக்கும் சீரம் ஏற்றுவோம் என்றார். சீரம் என்பது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து. இவ்வளவும் சொல்லிவிட்டு, "இவங்களுக்கு அறிவு கலங்காது. எல்லாம் தெரியும். அதனால பக்கத்துல நின்னு அழாதீங்க" என்றார்.

அறிவு கலங்காது என்று அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்றே விளங்கியது.

பெண்கள் வார்டின் கடைசியில் ஒரு சிறு அறை. ஜன்னல்களில் கறுப்புக் கம்பளி அடித்தார்கள். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார்கள். நர்ஸ்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் எனக்காக ஜெப மணி அடிப்பதையே நிறுத்தியிருந்தார்களாம். அது பின்னால்தான் தெரிந்தது. அறைக்குள் பேசக் கூடாது என்பது கட்டளை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு ரப்பர் குழாய் இறக்கி, அதில் பாலும் முட்டையும் விட்டார்கள். நாற்றமடிக்கும் ஒரு மயக்க மருந்து கொடுப்பார்கள். அது கொஞ்ச நேரம் தாங்கும். தெளிந்ததும் நான் அதே இடத்தில் அப்படியே கிடப்பேன்.

இழுப்பு வரும்போது குதிகாலும் பின்னந்தலையும் மட்டும்தான் கட்டிலில் படும். நடுவில் உடம்பு எழும்பி நிற்கும். நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருக்கும். கத்த வாய் கிடையாது. விட்டதும் வேர்த்துக் கொட்டும். பிறகு அடுத்ததற்குக் காத்திருப்பேன். ஒரு கிண்ணம் இடிபட்டாலும் அது வரும். அதனால் என் உலகமே சத்தம் மட்டும் என்று ஆனது. தூரத்தில் ஒருவர் வாளியை எடுத்தால், அதை எங்கே வைப்பாரோ என்று என் உடம்பு காத்துக்கொண்டிருக்கும். நாளுக்கு ஆறு மைல் நடந்த கால்கள் கட்டிலில் கிடந்தன. அவற்றில் ஒரு விரலை நானாக அசைக்கப் பயந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டாம் நாள் சீரம் போதவில்லை. என் கணவர் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போனார். அங்கே கேட்டு, காத்திருந்து, கொடுத்த அளவு புட்டிகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். அவர் சத்தமாகப் பேசும் மனிதர். தெரு முக்கில் வரும்போதே வீட்டில் குரல் கேட்கும். அப்படிப்பட்டவர் தினமும் காலையில் பத்து நிமிடம் என் கட்டிலருகே வந்து நிற்பார். என்னைத் தொடமாட்டார். கட்டில் சட்டத்தின் மேல் மட்டும் கையை வைத்திருப்பார். ஒரு வார்த்தை கிடையாது. வந்ததும் போனதும் எனக்கு அவருடைய சோப்பு வாசனையில்தான் தெரியும்.

நான்காம் நாள் அந்த அறைக்குள் இன்னொருத்தியைக் கொண்டுவந்தார்கள். அவளுக்கும் அதே நோய். இருட்டான அறை வேறு இல்லை. நடுவில் ஒரு துணித் திரை கட்டினார்கள். அவளுடைய அக்காள் கட்டிலருகே ஒரே ஒரு முறை "பொன்னம்மே" என்று முணுமுணுத்ததால் பெயர் தெரிந்தது. அவளுக்கும் அந்தத் திருவனந்தபுரத்துப் புட்டிகளிலிருந்துதான் சீரம் ஏற்றினார்கள்.

அவள் முகம் எனக்குத் தெரியாது. மூச்சு தெரியும். கனமான மூச்சு. பெரிய உடம்புள்ள, நாற்பது நாற்பத்தைந்து வயதுக்காரி என்று நினைத்தேன். அவள் வந்த பிறகு சிறை இரட்டிப்பானது. அவளுக்கு இழுப்பு வந்தால் கட்டில் கிறீச்சிடும். அந்தச் சத்தத்தில் எனக்கு வரும். என் கட்டில் ஆடினால் அவளுக்கு வரும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கயிற்றால் கட்டி இழுப்பது போல மாறி மாறித் துடித்தோம். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன். இவளை ஏன் இங்கே கொண்டுவந்தார்கள் என்று நினைத்தேன். இரண்டு நாளில் அந்தக் கோபம் போய்விட்டது. இழுப்பு முடிந்ததும் அவளுடைய மூச்சு திரும்ப வருகிறதா என்று காது கொடுக்க ஆரம்பித்தேன். வந்தால் எனக்கும் மூச்சு விட முடிந்தது.

பத்தாம் நாள் உடம்பெங்கும் தடித்துச் சொறி கண்டது. குதிரைச் சீரத்தை நம் உடம்பு அந்நியமென்று எதிர்ப்பதால் அப்படி வருமாம். சொறியக் கை தூக்கினால் இழுப்பு வரும். ஊறலை அப்படியே சகித்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் தொண்டையில் சளி கட்டியது. இருமல் வந்தது. இருமினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமல்ல, அவளுக்கும். விழுங்கிப் பார்த்தேன், மூச்சை அடக்கிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அடக்கினேனோ தெரியாது. கடைசியில் அது வெடித்து வந்தது.

என் உடம்பு வளைந்து நின்றபோதே திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் ஆடியது. எனக்கு விட்டுவிட்டது. அவளுக்கு விடவில்லை. மூச்சு கேட்கவில்லை. வெறுங்கால்கள் ஓடி வந்தன. காலால் மிதித்துச் சளி உறிஞ்சும் பம்பின் சத்தம் கேட்டது. அதில் எனக்கு மறுபடியும் வந்தது. யாரோ எனக்கு ஊசி போட்டார்கள்.

விழித்தபோது அந்தப் பக்கம் மூச்சு இல்லை.

மூன்று நாள் இல்லை. நர்ஸ் வந்தாள், பால் விட்டாள், போனாள். டாக்டர் வந்து நாடி பார்த்தார். என் கணவர் வந்து நின்று போனார். பேசக் கூடாத அறையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. ஒருத்தியை இருமிக் கொன்றுவிட்டேன் என்று நான் முடிவு செய்துகொண்டேன். இந்த நோய் எனக்கு வந்தது என் பிடிவாதத்தால், அதை நான் அனுபவிக்கலாம்; அவள் செய்த பாவம் என்ன? கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க ஆளில்லை. அந்த மூன்று நாளைப் போல நான் என் உடம்புக்குள் அடைபட்டுக் கிடந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பதினான்காம் நாள் தாடை ஒரு விரல்நுனி அளவு இளகியது. என் கணவர் வந்து நின்றார். எனக்கு வந்த முதல் வார்த்தை "அவ" என்பது.

அவர் கட்டளையை மீறிக் குனிந்தார். "ஆரு?"

கண்ணால் திரையைக் காட்டினேன். அவர் என் காதருகே, மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் சொன்னார். "ஸ்டோர் ரூம ஒழிச்சு அங்க மாத்தியாச்சு. நானும் அவளுக்க அக்காளுமாக்கும் ஒழிச்சது. உசிரோடதான் கெடக்கா. நீ பேசாண்டாம்."

அன்று எனக்கு இழுப்பு இரண்டே தடவைதான் வந்தது.

மூன்றாவது வாரம் ஜன்னல் கம்பளியை ஒரு சாண் விலக்கினார்கள். குழாயை எடுத்தார்கள். நல்ல கஞ்சித்தெளிவு வாய் வழியாக உள்ளே போனபோது அழுதேன். முதுகெலும்பில் நீங்காத வலி இருந்தது. இழுப்பின் வேகத்தில் எலும்பு நசுங்கியிருக்கும் என்றார் டாக்டர். பிடித்து நிற்க வைத்தால் முழங்கால் மடங்கியது. இந்தக் கால்களா பதினேழு நாள் நடந்தவை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பேச்சு தெளிந்ததும் என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீ நடந்தத நான் குத்தம் சொல்லேல்ல. ஆறலேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். டாக்டர் கேட்டப்பம் நானாக்கும் பொய் சொன்னவனாட்டு நின்னேன்." அதற்கு மேல் அவர் அதைப் பற்றி என்றைக்கும் பேசவில்லை. அதனால்தான் இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

போதகர் வந்தார். மைல் கணக்கில் வாக்குக் கொடுத்தவர்கள் எல்லாரும் பதினேழு நாளுக்கும் கொடுத்துவிட்டார்கள், அது அடித்தளம் போடப் போதும் என்றார். ஓடு இல்லை. வியாபாரியைப் போய்ப் பார்த்ததாகவும், அவர் வருத்தப்பட்டதாகவும், ஆனால் சொன்னது முப்பது நாள் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். எனக்குத் தலையைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. அப்போதுதான் கழுத்து அதற்கு இடம் கொடுத்தது.

அதற்குள் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. வராந்தாவில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்த முதல் நாள், முற்றத்தை அன்றுதான் பார்த்தேன். மாமரத்தடியில் என் கணவர் ஒரு ஓலைக்குடையை அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். அவர் முதுகு முழுவதும் நனைந்திருந்தது. எதிரே நெற்றியில் நாமம் இட்ட ஒரு பெண் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அதுதான் பொன்னம்மையின் அக்காள் என்று நர்ஸ் சொன்னாள். அவர்கள் எங்கள் சபையைச் சேராதவர்கள், அய்யாவழி வழிபாட்டுக்காரர்கள்; முட்டத்துக்குப் பக்கத்துப் பனங்காட்டு ஊர். ஒரு மாதமாக இந்த இரண்டு பேரும் ஒரே அடுப்பில் கஞ்சி வைத்துக் குடித்திருக்கிறார்கள்.

சற்று நேரத்தில் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார்கள். அதில் ஒரு மெலிந்த பெண்ணை உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். இடது உள்ளங்கையில் கட்டு. பனைமட்டைக் கருக்கு அறுத்த காயமாம். வெளிச்சம் கூச, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு முற்றத்தைப் பார்த்தாள். சுவாசம் கனமாக வந்தது. அந்த மூச்சை எனக்கு அடையாளம் தெரிந்தது.

"பொன்னம்மையா?" என்றேன்.

அவள் என் குரலுக்குத் திரும்பவில்லை. குரலை அவள் கேட்டதே கிடையாது. தொண்டை கரகரத்து நான் கொஞ்சம் கனைத்தபோதுதான் சட்டென்று திரும்பினாள்.

"நீங்களா?" என்றாள். அவள் தாடையும் இன்னும் முழுக்கத் திறக்கவில்லை. "நீங்க செத்துப்போனீங்கன்னுல்லா நான் கெடந்தேன்."

அவளை மயக்கத்தில்தான் மாற்றியிருக்கிறார்கள். கண் விழித்தபோது அதே இருட்டு. பக்கத்தில் மூச்சு இல்லை. அது வேறு அறை என்று யாரும் சொல்லவில்லை. "எனக்க கட்டில் ஆடுனதுல ஒங்களுக்கு நெஞ்சு நின்னிருக்கும்னு நெனச்சேன் டீச்சர். அக்காகிட்ட கேக்கப் பயந்து நாலஞ்சு நாளு கேக்கல்ல."

நானும் அப்படியே கிடந்தேன் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தாடை வலித்தது. இந்தத் தடவை உதட்டை நாங்களே விரித்தோம், நாங்களே மூடினோம்.

எப்படிக் காலில் ஆணி குத்தியது என்று கேட்டாள். நடையைப் பற்றிச் சொன்னேன். எதற்காக நடந்தேன் என்பதையும், ஓடு கிடைக்காமல் போனதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே முற்றத்தில் நனையும் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடு எதுக்கு?" என்றாள். "எங்க ஊர்ல ஓலை கெடந்து மக்குது. ஒருத்தரும் எங்ககிட்ட வந்து கேக்கல்லியே."

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுத நாங்கள் ஏறி இறங்கிய வீடுகள் எல்லாம் சபை வீடுகளும் கடை வீடுகளும்தான். பனையேறிகளின் ஊருக்கு நான் நடந்துகூடப் போனதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வீடு திரும்பினோம். ஆடி மாதம் முதுகைக் காட்ட நான் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து முற்றத்துக்கு இரண்டு தடவை நின்று நடந்தேன். மாமரத்துக்குப் பக்கத்தில், எங்கள் பதினேழு நாள் பணத்தில் எழுப்பிய கல்தரையின் மேல், பனங்கம்பு நாட்டி ஓலை வேய்ந்த நீளமான கூரை நின்றது. பொன்னம்மையின் பனங்காட்டு ஊரிலிருந்து பதினாறு பேர் மூன்று வண்டி ஓலையோடு வந்து இரண்டு நாளில் கட்டினார்களாம். மழை பலமாகத்தான் பெய்துகொண்டிருந்தது. உள்ளே நாலைந்து அடுப்புகள் எரிந்தன. எனக்குத் தெரியாத ஒரு கிழவர் தன் ஈர வேட்டியைக் கழியில் காயப் போட்டுவிட்டு, தள்ளி உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தார்.